சின்ன லேத்துக்கு எந்த உளி?

சென்னையிலிருந்து சேலம் செல்லும் ரயில் பாதையில், மொரப்பூருக்கும் சேலத்துக்கும் நடுவே பொம்மிடி என்னும் ஊர் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்கே இறங்கித் தெற்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். குனிந்து பார்த்தால் வேலியோரம் ஆவாரையும் எருக்கும் தெரியும். ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் கட்டுகிறோம். எருக்கிலையைக் கால்நடைகள் பெரும்பாலும் தீண்டுவதில்லை. இந்த இரண்டு செடிகளுக்கும், லேத் பட்டறையில் இரும்பைச் சீவுகிற உளிக்கும் ஏதாவது தொடர்பு இருக்க முடியுமா?

இருக்கிறது, மாணவர்களே! அந்தத் தொடர்பைப் புரிந்துகொண்டால், இன்று ஒரு சிறிய லேத்தை வாங்கிப் பொழுதுபோக்காக வேலை பழக நினைப்பவர் எந்த உளியை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

உமிக்கரி மூசையில் பிறந்த எஃகு

லேத் என்பது கடைசல் எந்திரம். ஓர் உலோகத் தண்டைச் சக்கில் இறுகப் பிடித்துச் சுழலவிட்டு, அசையாமல் நிற்கும் உளியை அதன் மேல் பதித்தால் உலோகம் சுருள் சுருளாகச் சீவப்படுகிறது. பட்டறையில் இந்த உளியை 'டூல்' அல்லது 'டூல் பிட்' என்பார்கள். இரும்பைச் சீவும் உளி இரும்பைவிடக் கடினமாக இருந்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கடினத்தை இரும்புக்குத் தருவது எது?

கார்பன் என்னும் கரிதான். இதை அனுபவத்தில் கண்டு கையாண்டவர்கள் நம் பகுதியின் பழைய உருக்குக் கொல்லர்கள். அன்றைய சேலம் மாவட்டத்தில் தருமபுரியும் அடங்கியிருந்தது. 1965-இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. சேலத்தை அடுத்த கஞ்சமலையிலும், அரூரை அடுத்த தீர்த்தமலையிலும் காந்தத்தால் கவரப்படும் இரும்புத்தாது கிடைக்கிறது. இப்பகுதியில் எஃகு செய்த முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1839-இல் எழுதி வைத்தார். இவர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர்.

அவர் விவரித்த முறை இது. செம்மண்ணோடு நெல் உமிக்கரியைக் கலந்து சிறிய மூசைகள் செய்வார்கள். தேனிரும்புத் துண்டுகளை ஒரு மூசையில் இட்டு, அவற்றுடன் உலர்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்து, மேலே எருக்கிலை போன்ற பச்சிலை ஒன்றிரண்டை மூடி, வாயை மண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, துருத்தியால் ஊதி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் காய்ச்சுவார்கள். காற்றுப் புகாத மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாகின்றன; அந்தக் கரி இரும்பில் கரைகிறது; இரும்பு எஃகாகிறது. இந்த எஃகையே மேல்நாட்டார் 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை கார்பன் கொண்ட இது, கூர்மை தாங்கும் கத்திகளுக்குப் பேர்போனது.

மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பாரடேயை அறிவீர்கள். அவர் 1819-இல் இந்த ஊட்ஸ் எஃகைப் பகுத்து ஆராய்ந்தார். பின்னர் கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து, எஃகோடு வேறு உலோகங்களைக் கலந்தால் என்னாகும் என்று சோதித்தார். உலோகக் கலவை எஃகுகளைப் பற்றிய முறையான ஆய்வுகளில் இது முற்பட்டது. இன்றைய லேத் உளிகள் அந்தப் பாதையில் வந்தவையே.

கடினம் மட்டும் போதாது

கார்பன் எஃகு உளி கடினமானதுதான். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. வெப்பநிலை 200, 250 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அதன் கடினம் குறையத் தொடங்கும். அடுப்பில் விழுந்த அரிவாள் முனை மழுங்கிப் போவதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

லேத்தில் அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? கணக்கிட்டே பார்ப்போம். மென் எஃகில் ஒரு கன மில்லிமீட்டரைச் சீவ ஏறத்தாழ 2 முதல் 3 ஜூல் ஆற்றல் தேவை. 3 என்றே வைத்துக்கொள்வோம். வெட்டின் ஆழம் 1 மி.மீ.; தண்டு ஒரு முறை சுற்றும்போது உளி நகரும் தூரம் 0.1 மி.மீ.; வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர். அப்படியானால் ஒரு நொடியில் சீவப்படும் உலோகம் சுமார் 42 கன மி.மீ.; செலவாகும் திறன் சுமார் 125 வாட். வானொலி பழுதுபார்ப்பவர் கையிலிருக்கும் 25 வாட் பற்றவைப்பான் ஐந்தின் சூடு இது! இதன் பெரும்பகுதி சீவலோடு போய்விடுகிறது. மீதி, நெல்மணி அளவுகூட இல்லாத உளிமுனையில் இறங்குகிறது.

ஆகவே நமக்கு வேண்டியது குளிர்ந்த நிலையில் கடினமான உளி அன்று. சூட்டிலும் கடினம் குறையாத உளி. 1868-இல் இங்கிலாந்தின் ராபர்ட் மஷெட், டங்ஸ்டன் கலந்த எஃகைச் செய்தார். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் டெய்லரும் ஒயிட்டும் இத்தகைய எஃகை உருகுநிலைக்கு அருகே வரை சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தினர். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், முனை மங்கிய சிவப்பாக ஒளிர்ந்தபோதும் அந்த உளி எஃகைச் சீவிக்கொண்டே இருந்ததைக் கண்டு பொறியாளர்கள் வியந்தனர். அதிவேக எஃகு பிறந்தது. பட்டறையில் இதன் பெயர் எச்.எஸ்.எஸ். இதில் ஒரு வகையில் டங்ஸ்டன் 18, குரோமியம் 4, வனேடியம் 1 சதவீதம் இருக்கும். சுமார் 600 டிகிரி வரை இது தாங்கும்.

1920-களில் ஜெர்மனியில் அடுத்த படி. டங்ஸ்டன் கார்பைடு என்ற சேர்மத்தின் தூளைக் கோபால்ட் தூளோடு அழுத்தி, சுமார் 1,400 டிகிரியில் சுட்டு, செங்கல்லைப் போல் கெட்டியாக்கினர். இது எஃகு அன்று. 900 டிகிரியைத் தாண்டியும் கடினம் குறையாத ஒரு புதுப்பொருள். ஆனால் கடினத்தோடு நொறுங்கும் குணமும் சேர்ந்தே வந்தது. கண்ணாடி கடினமானது, தட்டினால் உடைகிறது. மரம் மென்மையானது, தட்டினால் உடைவதில்லை. கார்பைடும் எச்.எஸ்.எஸ்.ஸும் ஏறக்குறைய அப்படித்தான்.

விலை உயர்ந்தது சிறந்ததா?

'சூடு தாங்குவதில் கார்பைடுதான் முதல். ஆகவே அதையே வாங்குவோம்' என்று தோன்றும். ஆசையாக ஒரு சிறு லேத்தை வாங்கியவர்கள் பலர் இப்படி எண்ணி, சேர்த்து வைத்த பணத்தைப் பெட்டி பெட்டியாகக் கார்பைடு முனைகளில் போடுகிறார்கள். பிறகு முனை நொறுங்குகிறது, தண்டின் மேற்பரப்பு அலையலையாகிறது, 'எனக்கு இந்த வேலை வராது' என்று லேத்தின் மேல் துணியைப் போர்த்திவிடுகிறார்கள். குறை அவர்கள் கையில் இல்லை. லேத்தின் திறனைக் கேட்காமல் உளியை வாங்கியதில்தான் இருக்கிறது.

மறுபடி கணக்குக்கு வருவோம். கார்பைடு தன் முழுப் பயனைத் தருவது வேகத்தில். மென் எஃகுக்கு எச்.எஸ்.எஸ். உளி நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் வேகத்தில் நன்றாக வெட்டும். கார்பைடுக்கு 100 மீட்டரும் அதற்கு மேலும் வேண்டும். தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு:

சுற்றுகள் (நிமிடத்துக்கு) = 1000 × வேகம் (மீட்டரில்) ÷ (3.14 × விட்டம், மி.மீ.இல்)

20 மி.மீ. தண்டுக்கு எச்.எஸ்.எஸ். உளியானால் சுமார் 400 சுற்றுகள். கார்பைடானால் சுமார் 1,600 சுற்றுகள். முன்பு கண்ட அதே வெட்டை 100 மீட்டர் வேகத்தில் எடுத்தால் திறன் நான்கு மடங்காகி 500 வாட் ஆகும். தொழிற்சாலையில் எடுப்பது போல் ஆழம் 2 மி.மீ., நகர்வு 0.2 மி.மீ. என்று வைத்தால் 2,000 வாட். அதாவது ஏறத்தாழ 2.7 குதிரைத்திறன். மேசைமேல் வைக்கும் சிறு லேத்தில் இருப்பதோ பெரும்பாலும் அரைக் குதிரைத்திறன் மோட்டார். அது 373 வாட். அதிலும் பெல்ட்டிலும் பேரிங்கிலும் கொஞ்சம் போய்விடும்.

திறனோடு விறைப்பும் சேர்ந்த பிரச்சினை இது. நம் சிறிய வெட்டிலேயே உளியின் மேல் சுமார் 300 நியூட்டன் விசை, அதாவது 30 கிலோ எடை ஏற்றியது போன்ற விசை, கீழ்நோக்கி அழுத்துகிறது. சிறு லேத்தின் உடல் இலேசானது. அழுத்தினால் நெளியும், நெளிந்து மீளும்போது அதிரும். அதிர்ச்சியைக் கார்பைடு பொறுக்காது.

ஆகவே சிறு லேத்தில் வேலை பழகுபவருக்கு முதல் உளி எச்.எஸ்.எஸ். தான். அதைச் சவர அலகு போல் கூர்மையாகத் தீட்டலாம். கூர்மையானால் வெட்டுவிசை குறையும். குறைந்த வேகத்தில் வெட்டும். சிறு அதிர்ச்சியைத் தாங்கும். மழுங்கினால் சாணையில் மீண்டும் தீட்டலாம். ஒரே துண்டு ஆண்டுக் கணக்கில் உழைக்கும்.

கூர்மை என்பது கோணம்

எச்.எஸ்.எஸ். துண்டு கடையிலிருந்து சதுரக் கம்பியாகவே வரும். சாணையில் தீட்டித்தான் அதை உளியாக்க வேண்டும். இரண்டு கோணங்களை நினைவில் வைத்தால் போதும்.

முதலாவது விலகு கோணம். உளியின் முன்பக்கமும் பக்கவாட்டும் தண்டோடு உரசாமல், முனைக்குக் கீழே உள்வாங்கி இருக்க வேண்டும். 6 முதல் 10 டிகிரி போதும். அதிகமானால் முனைக்குத் தாங்கு இல்லாமல் போய்விடும்.

இரண்டாவது சரிவுக் கோணம். சீவல் வழுக்கிச் செல்லும் மேல்பரப்பு, முனையிலிருந்து பின்னோக்கி இறங்கும் சரிவு இது. மென் எஃகுக்கு 10 முதல் 15 டிகிரி. மென்மையான அலுமினியத்துக்கு இன்னும் கூடுதல். பித்தளைக்கு மட்டும் சுழியம். அதாவது மேல்பரப்பு தட்டையாகவே இருக்க வேண்டும். பித்தளையில் சரிவு வைத்தால் உளி தானாக உள்ளே இழுக்கப்பட்டுப் பாய்ந்துவிடும். அரிவாள்மணையில் காய் நறுக்குவதற்கும் தேங்காய் துருவுவதற்கும் ஒரே முனை உதவுகிறதா? அது போலத்தான் இதுவும்.

உளியைப் பொருத்தும்போதும் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, அதன் முனை தண்டின் மைய உயரத்தில் நிற்க வேண்டும். மற்றொன்று, உளி தன் பிடிப்பிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் நீளம் குறைவாக இருக்க வேண்டும். ஒரு முனை பிடிக்கப்பட்ட சட்டம் வளையும் அளவு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 10 மி.மீ. சதுர உளி 20 மி.மீ. நீட்டியிருக்கும்போது 300 நியூட்டன் விசைக்கு 0.005 மி.மீ. வளைகிறது. 40 மி.மீ. நீட்டினால் 0.04 மி.மீ.; எட்டு மடங்கு! தலைமுடியின் பாதிப் பருமனுக்கு உளி தாழ்ந்து எழுந்தால் மேற்பரப்பு எப்படி வழவழப்பாகும்?

கார்பைடு வேண்டவே வேண்டாமா?

அப்படியில்லை. வார்ப்பிரும்பின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் மணலும் கடினப் படலமும் எச்.எஸ்.எஸ். முனையை விரைவில் தின்றுவிடும். அங்கே கார்பைடுதான் ஏற்றது. பதப்படுத்தப்பட்ட எஃகுக்கும் அப்படியே. ஆனால் எந்தக் கார்பைடு என்று பார்த்து வாங்க வேண்டும்.

திருகால் மாட்டும் கார்பைடு துண்டுகளின் பெட்டியில் 'சி.சி.எம்.டி. 060204' என்பது போல் ஒரு குறியீடு இருக்கும். முதல் எழுத்து வடிவத்தைச் சொல்கிறது. 'சி' என்றால் 80 டிகிரி முனையுள்ள சாய்சதுரம். இரண்டாம் எழுத்துதான் நமக்கு முக்கியம். அது விலகு கோணம். 'சி' என்றால் 7 டிகிரி, 'பி' என்றால் 11 டிகிரி, 'என்' என்றால் சுழியம். கடைசி இரண்டு எண்கள் முனையின் வளைவு ஆரம். 02 என்றால் 0.2 மி.மீ., 04 என்றால் 0.4 மி.மீ., 08 என்றால் 0.8 மி.மீ.

இரண்டாம் எழுத்து 'என்' ஆக உள்ள துண்டைத் திருப்பிப் போட்டு இரு பக்கமும் பயன்படுத்தலாம். சாய்சதுரத் துண்டில் இரண்டுக்குப் பதில் நான்கு முனைகள் கிடைப்பதால் மலிவு போல் தோன்றும். ஆனால் விலகு கோணம் இல்லாததால் அதை முன்பக்கம் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். சரிவுக் கோணம் எதிர்மறையாகிவிடும். அது உலோகத்தைச் சீவுவதைவிட நெட்டித் தள்ளும். பெரிய லேத்துக்கு ஏற்றது. சின்ன லேத்தை அதிர வைத்துவிடும். நமக்கு ஏற்றவை 7 அல்லது 11 டிகிரி விலகு கோணமும், 0.2 அல்லது 0.4 மி.மீ. முனை ஆரமும் உள்ளவை. அலுமினியத்துக்கென்று முனை தீட்டி மெருகேற்றிய துண்டுகளும் கிடைக்கின்றன. பெட்டியின் நிறமும் உதவும்: நீலம் எஃகுக்கு, மஞ்சள் துருப்பிடிக்காத எஃகுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு, பச்சை அலுமினியம், பித்தளை போன்றவற்றுக்கு.

எஃகுத் தண்டின் நுனியில் கார்பைடைப் பற்றவைத்த உளிகளும் நம் பட்டறைகளில் உண்டு. அவற்றைத் தீட்டப் பச்சை நிறச் சிலிக்கன் கார்பைடு சாணைக்கல் வேண்டும். சாதாரணச் சாம்பல்நிறக் கல்லில் தீட்ட முடியாது. தீட்டும்போது எழும் தூசியில் கோபால்ட் இருப்பதால் அது நுரையீரலுக்குக் கேடு. சூடான கார்பைடைத் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடும். புதிதாகப் பழகுபவர்கள் இதில் இறங்காதிருப்பதே நல்லது.

சீவலே வெப்பமானி

உளி சரியாக வேலை செய்கிறதா என்று அறியக் கருவி வேண்டியதில்லை. எஃகுச் சீவலின் நிறத்தைப் பாருங்கள். எஃகின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் சுமார் 230 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை ஒட்டி நீல நிறமும் காட்டும். எச்.எஸ்.எஸ். உளிக்குச் சீவல் வெள்ளியாகவோ வைக்கோல் நிறமாகவோ வந்தால் வேகம் சரி. நீலமாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். கார்பைடு உளிக்கு நீலச் சீவல் இயல்பானதே.

ஆனால் சீவலைக் கையால் தொடாதீர்கள். அது சூடானது மட்டுமன்று, கத்தியைப் போல் அறுக்கும். லேத்தை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுங்கள். கண்ணாடி அணியாமல் லேத்தின் முன்னும் சாணையின் முன்னும் நிற்காதீர்கள். தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, கட்டாத கூந்தல், கையில் கட்டிய கயிறு, இவற்றில் எதுவும் சுழலும் சக்கின் அருகே இருக்கக் கூடாது. சக் சாவியை மாட்டியபடியே விட்டுவிட்டு லேத்தை ஓட்டினால் அது கல்லெறி போல் பறந்து வரும். ஆசிரியரோ பழகிய டர்னரோ பக்கத்தில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

காயலான் கடையில் ஓர் உளி கிடைக்கிறது. 'எச்.எஸ்.எஸ்.தான்' என்கிறார் கடைக்காரர். வெறும் கார்பன் எஃகாக இருந்தால் முதல் வெட்டிலேயே முனை போய்விடும். எப்படிச் சோதிப்பது?

ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழையுங்கள். டங்ஸ்டன் கனமான உலோகம். அது கலந்த எஃகின் அடர்த்தியும் கூடுதல். உங்கள் பள்ளி ஆய்வகத் தராசில் உளியைக் காற்றில் எடை பாருங்கள். பிறகு நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டு எடை பாருங்கள். காற்று எடையை, கிராமில் எடை குறைந்த அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். கார்பன் எஃகுக்கு அது சுமார் 7.8; மாலிப்டினம் கலந்த இன்றைய எச்.எஸ்.எஸ்.ஸுக்குச் சுமார் 8.2, 18 சதவீத டங்ஸ்டன் உள்ள பழைய வகைக்குச் சுமார் 8.7, கார்பைடு துண்டுக்குச் சுமார் 15. பத்து கன சென்டிமீட்டர் உளியில் முதல் இரண்டுக்கும் வேறுபாடு 4 கிராம்தான். ஆகவே நீர்க்குமிழி ஒட்டாமல், மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுங்கள்.

உளி வாங்கப் போகும்போது மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். சீவப் போவது எந்த உலோகம்? என் லேத்தின் திறனும் விறைப்பும் எவ்வளவு? இந்த முனையை நானே தீட்ட முடியுமா? பெரும்பாலான சிறு லேத்துகளுக்கு விடை, நன்றாகத் தீட்டிய மூன்று நான்கு எச்.எஸ்.எஸ். துண்டுகளும், வார்ப்பிரும்புக்கென்று ஒரே ஒரு கார்பைடு உளியும்தான். மிச்சப் பணத்துக்கு ஒரு நல்ல சாணைக்கல்லும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்குங்கள்.